அரசி லிலியுவோகலானியின் வாழ்வும் பாடல்களும்: ஹவாய்த் தொல்குடியின் இசைவழி எதிர்ப்பு

முன்னுரை

பசிபிக் பெருங்கடலின் நடுவில் அமைந்த ஹவாய்த் தீவுகளின் கடைசி அரசி லிலியுவோகலானி (1838–1917). அமெரிக்கத் தலையீட்டால் அரசிழந்தவர் என்று வரலாற்று நூல்கள் அவரைக் குறிப்பிடுகின்றன. ‘அலோஹா ஓயே’ என்னும் பிரிவுப் பாடலை இயற்றியவர் என்று இசை நூல்கள் குறிப்பிடுகின்றன. இவ்விரு செய்திகளும் ஒருவருடைய வாழ்வைப் பற்றியனவே எனினும் பெரும்பாலும் ஒன்றோடொன்று சேராமலே நிற்கின்றன. சேர்க்க முற்படுவோரும் பிறிதொரு பிழையில் விழுகின்றனர். சிறையில் அடைக்கப்பட்ட அரசி தம் நாட்டுக்கு விடைகூறி அப்பாடலை இயற்றினார் என்பது அப்பிழை. பாடல் பிறந்தது 1878ஆம் ஆண்டில். அவர் சிறைப்பட்டது 1895ஆம் ஆண்டில். இடையே பதினேழு ஆண்டுகள் உள்ளன.

இப்பிழை ஆண்டுக் கணக்கோடு முடிவதில்லை. எதிர்ப்புப் பாடல் என்றால் அதில் எதிர்ப்பைக் குறிக்கும் சொல் வெளிப்படையாக இருக்க வேண்டும், இல்லையேல் அது பிறந்த சூழலாவது துயரமானதாக இருக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பே இதற்குக் காரணம். லிலியுவோகலானி இயற்றிய பாடல்கள் 160க்கும் மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பாலானவை மலர், மழை, காற்று, தோட்டம், காதல், பிரிவு ஆகியவற்றைப் பற்றியவை; பகைவரைப் பெயர் சொல்லிப் பழிப்பன அரிது. ஆயினும் அவர் பாடல்களை ஹவாய் மக்கள் தம் நாட்டின் குரலாகவே கொண்டனர். இதனை விளக்க அவர்தம் வாழ்வையும் அவர் கையாண்ட பாட்டு மரபையும் ஒருங்கே நோக்க வேண்டியுள்ளது.

பெயரும் குடியும்

லிலியுவோகலானி 1838 செப்டம்பர் 2ஆம் நாள் ஹொனலுலுவில் பிறந்தார். தந்தை கபாஅகேயா, தாய் கெயோஹோகாலோலே. இருவரும் உயர்குடித் தலைவர் மரபினர். குழந்தை பிறந்த வேளையில் நாட்டின் தலைமை அமைச்சராக இருந்த கீனவு என்னும் பெருமாட்டி கண்நோயால் துன்புற்றிருந்தார். அதனால் அக்குழந்தைக்கு லிலியு, லோலோகு, வாலானியா, கமாகஎஹா என்னும் பெயர்களைச் சூட்டினார். உறுத்தல், கண்ணீர், எரியும் வலி, புண்பட்ட கண் என்பன முறையே இவற்றின் பொருள். பிறந்த குழந்தைக்கு நோயின் பெயரை இடுவது பிறர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஹவாய் மரபில் பெயர் என்பது நிகழ்ச்சியைக் காத்து வைக்கும் கலம். தலைவர் ஒருவர் பட்ட துன்பத்தை மற்றொருவர் உடம்பும் பெயரும் நினைவில் ஏந்தும். பெயரைப் போற்றிப் பாடும் ‘மெலே இனோவா’ அம்மக்களின் பாட்டு வகைகளுள் தலையாயது. இச்செய்தி பின்னர் அவர் வாழ்வில் கொடிய முறையில் மீண்டும் வருகிறது.

பிறந்தவுடன் அவர் பாகி, கோனியா என்னும் தலைவர் இணையருக்கு வளர்ப்பு மகளாகத் தரப்பட்டார். ‘ஹானாயி’ எனப்படும் இவ்வழக்கம் தலைவர் குடிகளுக்கிடையே உறவை இறுக்குவது. அவ்வில்லத்தின் மகளான பெர்னிஸ் பவுவாஹி அவருக்கு வளர்ப்புத் தமக்கை ஆனார். உடன்பிறந்தோருள் கலாகவுவா, லிகெலிகே, லெலேயோஹோகு ஆகிய மூவரும் லிலியுவோகலானியைப் போன்றே பாடல் புனையும் ஆற்றல் மிக்கோர். இந்நால்வரையும் ‘நா லானி எஹா’, அதாவது அரச நால்வர், என ஹவாய் இசை வரலாறு ஒருங்கே போற்றுகிறது. இவர்கள் தத்தமக்கெனப் பாடகர் குழுக்களை அமைத்துத் தம்முள் போட்டியிட்டுப் பாடினர். இளையவரான லெலேயோஹோகு 1877இல் இளமையிலேயே மறைந்தார்.

மெலேயும் ஹிமெனியும்

கிறித்தவ மறைப்பணியாளர் 1820இல் ஹவாய்க்கு வந்தனர். அவர்கள் கொணர்ந்தவற்றுள் எழுத்தும் அச்சும் வழிபாட்டுப் பாடலும் முதன்மையானவை. அவர்கள் வெறுத்தவற்றுள் முதன்மையானது ஹுலா ஆடல். கிறித்தவம் தழுவிய காஅஹுமானு அரசி 1830இல் பொதுவிடங்களில் ஹுலா ஆடுவதைத் தடை செய்தார். அத்தடை முற்றும் நிறைவேறவில்லை. பிற்காலத்தில் உரிமக் கட்டணம் என்னும் வடிவில் கட்டுப்பாடு நீடித்தது.

இச்சூழலில் வளர்ந்தவர் லிலியுவோகலானி. தலைவர் குடிப் பிள்ளைகளுக்கென மறைப்பணியாளரான குக் இணையர் நடத்திய பள்ளியில் பயின்றார். அங்கே இசைக்குறியீட்டைக் கற்றார். புதிய பாடலைக் குறியீட்டைப் பார்த்த அளவில் பாடும் திறன் சிறு வயதிலேயே அவருக்கு வாய்த்தது. பியானோ, ஆர்கன், கித்தார், உகுலேலே முதலிய கருவிகளில் தேர்ச்சி பெற்றார். ஹொனலுலுவின் கவாயாஹாஓ தேவாலயத்தில் பாடகர் குழுவை வழிநடத்தினார். ஜான் டொமினிஸ் என்னும் அமெரிக்கரை 1862இல் மணந்து வாஷிங்டன் பிளேஸ் என்னும் மாளிகையில் வாழ்ந்தார்.

ஐந்தாம் கமேஹமேஹா மன்னர் 1866இல் நாட்டுப்பண் ஒன்றை இயற்றுமாறு அவரிடம் கேட்டுக்கொண்டார். அதுவரை ஹவாய் மக்கள் பிரித்தானிய நாட்டுப்பண்ணின் மெட்டிலேயே தம் அரசரை வாழ்த்தி வந்தனர். பிறநாட்டு மெட்டு மன்னருக்கு உவப்பாக இல்லை. இளம்பெண் ஒருவர் சொல்லும் இசையும் தாமே அமைத்து ‘ஹே மெலே லாஹுயி ஹவாயி’ என்னும் பண்ணைத் தந்தார். அது ஏறத்தாழ பத்தாண்டுகள் வழக்கில் இருந்தது. பின்னர் கலாகவுவா சொல் எழுத, பெர்கர் என்னும் ஜெர்மானிய இசைத்தலைவர் இசையமைத்த ‘ஹவாயி போனோயி’ அவ்விடத்தைப் பெற்றது.

இங்கு ஒரு தடையை எழுப்பலாம். அவர்தம் பாடல்கள் மேலைநாட்டு ஒத்திசை முறையில் அமைந்தவை. பல, தேவாலயப் பாடல்களான ஹிமெனிகளின் யாப்பைத் தழுவியவை. ‘அலோஹா ஓயே’யின் மெட்டிலேயே அமெரிக்கப் பாடலொன்றின் சாயல் உண்டு என்பது இசையறிஞர் பலரும் ஒப்பும் செய்தி. அங்ஙனமாயின் அதனைத் தொல்குடி இசை எனல் எவ்வாறு பொருந்தும்? ஹவாய்ப் பாட்டு மரபில் தலைமை சொல்லுக்கே உரியது என்பதே இதற்கு விடை. ‘ஓலி’ எனப்படும் பழைய ஓதல் முறை சில சுரங்களுக்குள்ளேயே இயங்குவது. அதில் கேட்போர் உற்று நோக்குவது சொற்களையும் அவை மறைத்து வைத்த பொருளையும். சொல்லுக்கு உயிர் தரும் ஆற்றலும் உயிர் போக்கும் ஆற்றலும் உண்டு என அம்மக்கள் நம்பினர். மெட்டு வெளியிலிருந்து வந்தாலும் சொல் உள்ளிருந்தே வந்தது. லிலியுவோகலானியின் பாடல்களை அயல் வடிவுக்கு அடங்கியவை என்பதைவிட, அயல் வடிவைத் தம் சொல்லுக்கு அடக்கியவை என்பதே பொருத்தம்.

மறைபொருள் மரபு

சொல்லின் அடியில் கிடக்கும் பொருளை ஹவாய் மொழியில் ‘கவோனா’ என்பர். மழைக்கும் காற்றுக்கும் அம்மொழியில் ஊர்தோறும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. ஒரு பாடலில் குறிப்பிட்ட மழையின் பெயர் வந்தால் அம்மழை பெய்யும் பள்ளத்தாக்கு நினைவுக்கு வரும். பள்ளத்தாக்கு வந்தால் அங்கு வாழ்ந்த தலைவர் குடியும், அவர்தம் காதலும் இழப்பும் உடன்வரும். மலரைக் குறிக்கும் ‘புவா’ என்னும் சொல் பிள்ளையையும் வழித்தோன்றலையும் குறிக்கும்.

தமிழ்ச் செய்யுள் பயின்றோர்க்கு இங்கு உள்ளுறை உவமம் நினைவுக்கு வருதல் இயல்பு. இரண்டிலும் நிலமும் அதன் கருப்பொருளும் சொல்லாத பொருளைச் சுமக்கின்றன. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. உள்ளுறை, மரபு அறிந்தார் எவர்க்கும் விளங்கத் தக்கது. அதனை விளக்குவதே உரையாசிரியர் பணி. கவோனாவின் மேலடுக்கு எல்லார்க்கும் விளங்கும்; அடுத்த அடுக்கு ஊரார்க்கு விளங்கும்; அடியிலுள்ள அடுக்கு பாடியவர்க்கும் பாடப்பட்டவர்க்கும் மட்டுமே உரியது. அதனைப் பிறர் அறியாமையே அதன் நிறைவு. ஒற்றர் சூழ்ந்த காலத்தில் இவ்வேறுபாடு அரசியல் பயன் பெற்றது.

‘அலோஹா ஓயே’ இம்மரபில் எழுந்த காதற்பாடல். லிலியுவோகலானி 1878இல் ஓவாஹுத் தீவின் காற்றுமுகப் பகுதியிலுள்ள மவுனாவிலி என்னும் இடத்துக்குச் சென்று குதிரையில் திரும்பும்போது உடன்வந்தோருள் ஒருவர் அவ்விடத்துப் பெண்ணொருத்தியைத் தழுவி விடைபெற்றதைக் கண்டு இதனைப் புனைந்தார் என்பர். மலைமுகட்டு மழையும் பள்ளத்தாக்கின் மலரும் அதில் வருகின்றன. நாடிழப்பின் குறிப்பு அதில் இல்லை, இருந்திருக்கவும் இயலாது. அப்போது நாடு இழக்கப்படவில்லை.

ஆட்சியும் வீழ்ச்சியும்

கலாகவுவா 1874இல் அரசரானார். தம் 1883ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவில் ஹுலாவை அரண்மனை முற்றத்துக்கே கொண்டுவந்தார். விழாவின் ஹுலா நிரலை அச்சிட்டோர் மீது ஆபாச வழக்குத் தொடுக்கும் அளவுக்கு எதிர்த்தரப்பு சினம் கொண்டது. ஆயுதமேந்திய குழுவின் அச்சுறுத்தலால் 1887இல் ‘துப்பாக்கிமுனை அரசமைப்பு’ எனப்பட்ட சட்டத்தில் அவர் கையெழுத்திட நேர்ந்தது. விக்டோரியா அரசியின் பொன்விழாவுக்காக அப்போது இலண்டன் சென்றிருந்த லிலியுவோகலானி பயணத்தினிடையே இச்செய்தியை அறிந்தார். அச்சட்டம் மன்னர் அதிகாரத்தைக் குறைத்ததோடு, சொத்துத் தகுதியை விதித்துத் தொல்குடியினர் பலரின் வாக்குரிமையையும் பறித்தது.

கலாகவுவா மறைந்தபின் 1891 ஜனவரி 29ஆம் நாள் லிலியுவோகலானி அரசியானார். அவ்வாண்டிலேயே கணவரையும் இழந்தார். மக்களின் விண்ணப்பங்களை ஏற்றுப் புதிய அரசமைப்பைக் கொணர அவர் 1893 ஜனவரி 14ஆம் நாள் முயன்றார். கரும்புத் தோட்ட, வணிக நலன்களைச் சார்ந்த குழுவினர் இதனையே காரணமாகக் கொண்டனர். ஜனவரி 16ஆம் நாள் ‘பாஸ்டன்’ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து 160க்கும் மேற்பட்ட படைவீரர் ஹொனலுலுவில் இறங்கினர். மறுநாள் அரசு கவிழ்க்கப்பட்டது. குருதி சிந்துதலைத் தவிர்க்க விரும்பிய அரசி, கவிழ்த்தோர்க்கன்றி அமெரிக்க அரசின் மேலான படைவலிமைக்கே பணிவதாகவும், அவ்வரசு நீதி வழங்கும் வரை மட்டுமே பணிவதாகவும் எழுதித் தந்தார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிளீவ்லாந்து இக்கவிழ்ப்பு முறையற்றது எனத் தம் நாடாளுமன்றத்துக்கு உரைத்தும் பயன் விளையவில்லை. கவிழ்த்தோர் 1894 ஜூலை 4ஆம் நாள் ஹவாய்க் குடியரசை அறிவித்தனர்.

கவிழ்ப்புக்குப் பின் எழுந்த முதல் பெரும் எதிர்ப்புப் பாடல் அரசியுடையதன்று. அரச இசைக்குழுவினர் புதிய அரசுக்கு உறுதிமொழி அளிக்க வேண்டும், இல்லையேல் பணியிழக்க வேண்டும் என ஆணையிடப்பட்டது. மறுத்து வெளியேறியோர் எலன் பிரெண்டர்காஸ்ட் என்னும் அம்மையாரிடம் சென்று தம் துயரைச் சொல்லிப் பாடலொன்று வேண்டினர். அவ்வாறு 1893இல் பிறந்ததே ‘கவுலானா நா புவா’. அரசு தரும் பொருளினும் நாட்டின் கல்லே உண்ணத் தக்கது என்னும் கருத்தால் ‘கல்லுண்ணும் பாட்டு’ என்றும் அது பெயர்பெற்றது. தலைப்பிலுள்ள ‘புவா’ மலரையும் மண்ணின் மக்களையும் ஒருங்கே சுட்டுவது. மெட்டோ மகிழ்வானது, மொழியறியாதவர் அதனைக் கேட்டு நடனமாடவும் கூடும்.

தோட்டம் என்னும் அவை

அரசியல் கூட்டங்கள் தடுக்கப்பட்ட நிலையில், ஹொனலுலுவின் பவுவோவாப் பகுதியில் அரசிக்குரிய நிலத்தில் உலுஹைமாலமா என்னும் மலர்த்தோட்டம் 1894 அக்டோபர் 11ஆம் நாள் தொடங்கப்பெற்றது. மக்கள் திரண்டு வந்து, ஒருவர்பின் ஒருவராகச் செடிகளை நட்டனர். எந்தச் செடியை யார், எவ்வரிசையில் நடுவது என்பதெல்லாம் முன்னரே எண்ணி வகுக்கப்பட்டது. ஒவ்வொரு செடியின் பெயரும் ஒரு செய்தி. இருண்ட மண்ணிலிருந்து செடி ஒளியை நோக்கி எழுவது போல நாடும் எழும் என்பது தோட்டப் பெயருக்குச் சொல்லப்பட்ட விளக்கம். காவலர் கண்ணுக்கு அது செடி நடு விழா. பாட்டின் கவோனா இங்கு நிலத்தில் நடப்பட்டது எனலாம். பின்னர் வந்த சிறைப் பாடல்களை விளங்கிக்கொள்ள இத்தோட்டமே திறவுகோல்.

சிறையில் இசை

ராபர்ட் வில்காக்ஸ் தலைமையில் 1895 ஜனவரியில் எழுந்த கிளர்ச்சி சில நாள்களில் ஒடுக்கப்பட்டது. ஜனவரி 16ஆம் நாள் அரசி கைது செய்யப்பட்டுத் தம் இயோலானி அரண்மனையிலேயே மாடி அறையொன்றில் அடைக்கப்பட்டார். சில நாள்களில் முடிதுறப்பு ஆவணம் நீட்டப்பட்டது. தம் ஆதரவாளரின் உயிரைக் காக்க அவர் கையெழுத்திட இசைந்தார். ‘லிலியுவோகலானி டொமினிஸ்’ எனக் கையெழுத்திடுமாறு கட்டளையிட்டனர். அப்பெயரை அவர் வாழ்நாளில் ஒருபோதும் பயன்படுத்தியதில்லை; அரசியாகுமுன் அவர் லிடியா டொமினிஸ், அரசியானபின் லிலியுவோகலானி மட்டுமே. பெயரே வரலாறாக மதிக்கப்பட்ட குடியில் பிறந்தவரை இல்லாத பெயரில் கையெழுத்திடச் செய்ததைத் தம் நூலில் அவர் சிறப்பாகக் குறித்துள்ளார். முடிதுறப்பைவிட இது சிறிய இழப்பு எனத் தள்ளிவிட இயலாது.

அரசத் துரோகத்தை அறிந்தும் அறிவிக்கவில்லை என்னும் குற்றச்சாட்டில், தாம் முன்பு வீற்றிருந்த அரியணை மண்டபத்திலேயே படைத்துறை நடுவர் முன் அவர் நிறுத்தப்பட்டார். ஐந்தாண்டு கடுங்காவலும் 5,000 டாலர் தண்டமும் விதிக்கப்பட்டன. கடுங்காவல் நிறைவேற்றப்படவில்லை, ஆயினும் செப்டம்பர் வரை ஏறத்தாழ எட்டு மாதம் அவ்வறையிலேயே இருந்தார்.

செய்தித்தாள் அவருக்கு மறுக்கப்பட்டது. எழுதுதாளும் பென்சிலும் மறுக்கப்படவில்லை. இசைக்குறியீட்டுக்குரிய ஐங்கோடுகளை அவரே கையால் வரைந்துகொண்டார். தொடக்கத்தில் கருவி ஏதுமில்லை. குரலை மட்டுமே கொண்டு சுரங்களைத் தேர்ந்து எழுதினார். முன்பு இயற்றிய பாடல்களையும் நினைவிலிருந்து படியெடுத்தார். அவ்வாறு எழுதியவற்றுள் மூன்று பாடல்கள் சிறையிலிருந்து சிகாகோ நகரை அடைந்து அச்சாயின. அவற்றுள் ஒன்று ‘அலோஹா ஓயே’. சிறையில் படியெடுத்ததைச் சிறையில் இயற்றியதாகப் பிற்காலத்தார் கொண்டமைக்கு இதுவே தோற்றுவாய் ஆகலாம். ஆயின் இப்படியெடுப்பு தனக்கென ஒரு பொருளுடையது. காதலர் பிரிவைப் பாடிய சொற்கள் மாறவில்லை. அவற்றை எழுதிய கையின் நிலை மாறிவிட்டது. விடைபெறுதலும் மீண்டும் காணும் நம்பிக்கையும் இனி யாருடையவை என்பதை 1895இல் அதைப் பாடிய ஹவாய் மக்களுக்கு எவரும் சொல்லித் தரத் தேவையிருக்கவில்லை. பாடல் பிறந்த சூழலை ஆராய்வது போலவே அது மீண்டும் பாடப்பட்ட சூழலையும் ஆராய வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

அரசியின் தோட்ட மலர்கள் சிறைக்குள் வருவது தடுக்கப்படவில்லை. மலர்களைச் சுற்றி வந்த செய்தித்தாளை எவரும் பொருட்படுத்தவில்லை. ஜான் வில்சன் என்னும் இளைஞர் இவ்வாறு கொணர்ந்த மலர்களின் வழியே வெளியுலகச் செய்தி அரசியை எட்டியது. வைகீகியில் இருந்த தம் பாவோகலானித் தோட்டத்து மலரைப் புகழ்ந்து அரசி இயற்றிய பாடல் அவ்விளைஞருக்கு உரிமையாக்கப்பட்டது. மேலோட்டமாக நோக்கினால் அது மணமிக்க மலரொன்றைப் பற்றிய மென்பாடல். மலர் யார், மலரைச் சுற்றி வந்தது எது என்பதை அறிந்தவர்க்கு அது நன்றிக் கடிதம். சிறையாளர் இதனைப் படித்திருந்தாலும் திருப்பித் தருவதற்குக் காரணம் கண்டிருக்க மாட்டார்.

சிறையில் எழுந்த பாடல்களுள் சில வெளியே சென்று, டெஸ்டா என்பவர் ஆசிரியராக இருந்த ‘கா மகாஆயினானா’ என்னும் ஹவாய்மொழி இதழில் வெளிவந்தன. அதே டெஸ்டா 1895இல் ‘புகே மெலே லாஹுயி’ என்னும் நாட்டுப்பற்றுப் பாடல் தொகுப்பை வெளியிட்டார். பெயரறிந்தோரும் அறியப்படாதோருமாகப் பலர் பாடிய நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் அதில் உள்ளன. அரசியின் குரல் தனிக்குரலன்று என்பதை இத்தொகுப்பு காட்டுகிறது. மக்கள் அரசிக்குப் பாட்டெழுதினர். அரசி மக்களுக்குப் பாட்டெழுதினார். இடையே அச்சு நின்றது. எழுத்தையும் அச்சையும் மறைப்பணியாளர் கொணர்ந்தது இதற்காக அன்று.

சிறைப் பாடல்களுள் மிகுதியும் அறியப்பட்டது ‘அரசியின் வேண்டுதல்’. 1895 மார்ச் 22ஆம் நாளிட்ட இப்பாடலைத் தம் உடன்பிறந்தாள் மகளும் பட்டத்துக்குரியவருமான கயியுலானிக்கு உரிமையாக்கினார். இறைவனின் இரக்கத்தைப் போற்றி, மாந்தர் பிழைகளைப் பொறுக்குமாறு வேண்டுவது இதன் பொருள். பகைவரைச் சபியாத இப்பாடலைப் பணிவின் வெளிப்பாடாகக் கொள்வோர் உளர். அவர்கள் நோக்காதது ஒன்றுண்டு. பாடுபவர் தாம் சிறைப்பட்டிருப்பதைப் பாடலுக்குள்ளேயே சொல்கிறார். தேவாலயங்களில் இது பாடப்படும்தோறும் ஹவாய் அரசி சிறைவைக்கப்பட்டார் என்னும் உண்மை வழிபாட்டின் பகுதியாகவே ஒலிக்கிறது. மன்னிப்பு வேண்டும் இடத்தில் குற்றம் நிகழ்ந்தது என்பதும் பதிவாகிவிடுகிறது.

குமுலிபோ மொழிபெயர்ப்பு

சிறையில் அவர் தொடங்கிய மற்றொரு பணி குமுலிபோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு. குமுலிபோ இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகளைக் கொண்ட படைப்புப் பாட்டு. பதினாறு பகுதிகளாக அமைந்தது. ஆழ்ந்த இருளில் தொடங்கி, பவள உயிரி, கடல்வாழ்வன, பறப்பன, ஊர்வன என வளர்ந்து, மாந்தர் தோற்றத்தையும் தலைவர் குடியின் தலைமுறைகளையும் வரிசைப்படுத்துகிறது. கலாகவுவா இதன் மூலத்தை 1889இல் அச்சிட்டார். அரசியின் மொழிபெயர்ப்பு 1897இல் பாஸ்டன் நகரில் வெளிவந்தது.

நாட்டை அமெரிக்காவுடன் இணைக்கும் ஒப்பந்தம் ஆய்வில் இருந்த ஆண்டு அது. அரசி அப்போது வாஷிங்டனில் தங்கி அதனை எதிர்த்து வந்தார். பழம்பாட்டை மொழிபெயர்க்க அதுவா வேளை என்னும் ஐயம் எழலாம். ஹவாய் மரபில் கால்வழிப் பாட்டே ஆளும் உரிமைக்குச் சான்று. அதனைத் தம் பெயரால் ஆங்கிலத்தில் வெளியிடுவது தம் குடியின் உரிமை ஆவணத்தை அவையில் வைப்பதற்கு ஒப்பாகும். பிற்காலத்தில் மார்த்தா பெக்வித் 1951இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு ஆய்வுக் குறிப்புகளால் நிறைவானது. ஆயினும் பாட்டுக்கு உரிய குடியில் பிறந்தவரின் மொழிபெயர்ப்பு என்னும் இடம் அரசியின் நூலுக்கே உரியது. அதே 1897இல் தம் பாடல்களைத் திரட்டி ‘ஹே புகே மெலே ஹவாயி’ என்னும் கையெழுத்துத் தொகுப்பையும் அவர் உருவாக்கினார். அது அப்போது அச்சேறவில்லை. தம் வரலாற்றை உரைக்கும் நூலை 1898இல் வெளியிட்டார்.

இணைப்பை எதிர்த்து 1897இல் 21,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட விண்ணப்பம் வாஷிங்டனை அடைந்தது. தொல்குடி மக்கள்தொகையே அப்போது நாற்பதாயிரம் அளவினது. ஒப்பந்தம் தோற்றது. ஆயினும் 1898 ஜூலையில் நாடாளுமன்றக் கூட்டுத் தீர்மானம் ஒன்றின் வாயிலாக இணைப்பு நிறைவேறியது. ஆகஸ்ட் 12ஆம் நாள் இயோலானி அரண்மனையில் ஹவாய்க் கொடி இறக்கப்பட்டபோது அரசி தம் இல்லத்தை விட்டு வெளிவரவில்லை.

பாடலின் பிற்கால நிலை

அதன்பின் அவர் ஏறத்தாழ இருபதாண்டுகள் வாழ்ந்தார். அரச நிலங்களுக்கு இழப்பீடு கேட்டுத் தொடுத்த வழக்கில் தோற்றார். ஆதரவற்ற குழந்தைகளுக்கென 1909இல் தம் உடைமைகளைக் கொண்டு அறக்கட்டளை நிறுவினார். 1917 நவம்பர் 11ஆம் நாள் வாஷிங்டன் பிளேஸ் மாளிகையில் மறைந்தார்.

குடியரசு 1896இல் இயற்றிய சட்டம் பள்ளிகளின் பயிற்றுமொழி ஆங்கிலம் என வரையறுத்தது. படையாலும் சிறையாலும் ஆகாததை இச்சட்டம் ஓரளவு செய்து முடித்தது. ஹவாய்மொழி அறிந்தோர் தொகை தலைமுறைதோறும் சுருங்கியது. கவோனாவைக் கேட்கும் செவிகளும் அவர்களோடு குறைந்தன. சொல்லை இழந்து மெட்டு மட்டும் எஞ்சிய ‘அலோஹா ஓயே’ ஹொனலுலுத் துறைமுகத்தில் சுற்றுலாப் பயணியர் கப்பலேறும்போது இசைக்கும் வழியனுப்புப் பாடலாயிற்று. 1961இல் எல்விஸ் பிரெஸ்லி திரைப்படத்தில் அதைப் பாடினார். சொல்லில் ஒளிந்திருந்தமையே சிறையில் பாடலைக் காத்தது. மொழி ஒடுங்கியபோது அவ்வொளிவே அதைப் பொருளற்ற இன்னிசையாக்கியது. மறைபொருள் மரபின் வலிமையும் வலுவின்மையும் ஒரே இடத்தில் உள்ளன.

ஹவாய்மொழியும் இசையும் ஆடலும் 1970களில் மறுமலர்ச்சி பெற்றன. மொழியை மீண்டும் கற்ற இளைஞர் ‘கவுலானா நா புவா’வின் பொருளை அறிந்து பாடலாயினர், அதற்கு ஆடுவது தகுமா என்னும் விவாதமும் எழுந்தது. அரசு கவிழ்ந்த நூறாம் ஆண்டான 1993இல் அமெரிக்க நாடாளுமன்றம் அக்கவிழ்ப்பில் தம் நாட்டின் பங்கை ஏற்றுத் தீர்மான வடிவில் மன்னிப்புக் கோரியது. அரசி 1897இல் கையெழுத்தில் திரட்டிய பாடல்கள் விளக்கங்களுடன் நூலாக வெளிவந்தது 1999இல். ஒவ்வொரு பாடலிலும் வரும் மழையின் பெயரையும் ஊரின் பெயரையும் பதிப்பாளர் தேடித் தந்துள்ளனர். சில மலர்கள் யாரைக் குறிப்பன என்பது இன்றும் விளங்கவில்லை.